யாழ்ப்பாணத்தில் சிறு பதிப்பகம் நடத்துவது எப்படி? முழுமையான வழிகாட்டி

யாழ்ப்பாணத்தில் நூல்கள் வெளிவருவதற்குக் குறைவில்லை. சனி, ஞாயிறு பிற்பகல்களில் ஏதாவதொரு மண்டபத்தில் வெளியீட்டு விழா நடந்துகொண்டுதான் இருக்கிறது. ஆனால் அந்த நூல்களில் பெரும்பாலானவற்றுக்குப் பதிப்பாளர் என்று ஒருவர் இல்லை. எழுதியவரே காசு சேர்த்து, அச்சகத்தில் கொடுத்து, விழா வைத்து, எஞ்சிய பிரதிகளைப் பெட்டி பெட்டியாக வீட்டு மூலையில் அடுக்கிவிடுகிறார். இரண்டு வருடம் கழித்து ஒரு மாணவர் அந்த நூலைத் தேடினால் எந்தக் கடையிலும் கிடைக்காது.

அந்த இரண்டு வருடத்துக்குப் பிறகும் நூலைக் கிடைக்கச் செய்கிறவரே பதிப்பாளர். வருடத்துக்கு மூன்று நான்கு நூல்கள், வீட்டில் ஓர் அறை, ஒரு கணினி, ஓரளவு முதல், நிறையப் பொறுமை. இவ்வளவோடு தொடங்க நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

இந்த மண்ணுக்கு இது புதிய தொழில் அல்ல. 1834 இல் மானிப்பாயில் அமெரிக்க மிஷன் அச்சகம் இயங்கத் தொடங்கிவிட்டது. ஆறுமுக நாவலர் 1849 இல் சென்னைக்குப் போய் அச்சியந்திரம் வாங்கி வந்து வண்ணார்பண்ணையில் நிறுவினார். பிழையற்ற பதிப்பு என்றாலே நாவலர் பதிப்பு என்று சொல்லும் அளவுக்கு அவருடைய கை அதில் பட்டிருந்தது. சிறுப்பிட்டியில் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை ஏடுகளைத் தேடித்தேடி ஒப்புநோக்கி 1887 இல் கலித்தொகையை அச்சேற்றினார். 1966 இல் மல்லிகை சஞ்சிகையைத் தொடங்கிய டொமினிக் ஜீவா, மல்லிகைப் பந்தல் என்ற பெயரில் நூல்களையும் வெளியிட்டார். இவர்கள் எல்லோரும் தெரிவு செய்தார்கள், திருத்தினார்கள், விற்றார்கள். அச்சடிப்பது அந்த வேலையின் நடுவில் வரும் ஒரு பகுதி மட்டுமே.

முதலில்: எதை வெளியிடப் போகிறீர்கள்?

பெயரும் இலச்சினையும் பிறகு பார்த்துக்கொள்ளலாம். முதல் இரண்டு வருடத்தில் வரப்போகும் ஆறு நூல்களின் பெயர்களை ஒரு தாளில் எழுதுங்கள். எழுத முடியவில்லை என்றால் இன்னும் சிறிது காலம் பொறுங்கள். அறிமுகமானவர்கள் கொண்டுவந்து தருகிற கையெழுத்துப் பிரதிகளை வந்த வரிசையில் அச்சிட்டால் அது பதிப்பகமாக நிலைக்காது. வாசகர் உங்கள் பெயரைப் பார்த்ததும் இன்ன மாதிரியான நூல் என்று நம்பவேண்டும்.

என் கருத்தில் இங்கே மூன்று துறைகளில் தேவை மிகுந்திருக்கிறது. ஒன்று, ஊர் வரலாறும் தொழில் வரலாறும்: சுருட்டு, பனை, மீன்பிடி, கூத்து, பள்ளிக்கூடங்கள். அவற்றை அறிந்த முதியவர்கள் குறைந்துகொண்டே போகிறார்கள். இரண்டு, கிடைக்காமல் போன பழைய நூல்களின் மறுபதிப்பு. மூன்று, நம் பிள்ளைகளுக்கு நம் ஊர்ச் சூழலில் எழுதப்பட்ட கதைகள். கவிதைத் தொகுப்புகளை நான் மதிக்கிறேன். ஆனால் முதல் வருடத்தில் ஒன்றுக்கு மேல் போடவேண்டாம். அவை மெல்லத்தான் விற்கும். சிறிய முதல் அங்கேயே முடங்கிவிடும்.

மறுபதிப்பு என்றால் பதிப்புரிமையைக் கவனியுங்கள். 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி ஆசிரியர் வாழ்ந்த காலமும் இறந்தபின் 70 ஆண்டுகளும் உரிமை தொடர்கிறது. நாவலரும் தாமோதரம்பிள்ளையும் எல்லோருக்கும் உரியவர்கள். அறுபதுகளில், எழுபதுகளில் எழுதியவர்களின் உரிமை இன்று அவர்களுடைய வாரிசுகளிடம் இருக்கிறது. வாரிசுகளில் ஒருவர் கோண்டாவிலில் இருப்பார், ஒருவர் ரொறன்ரோவில், இன்னொருவர் பாரிஸில். எல்லோரிடமும் எழுத்தில் சம்மதம் வாங்குங்கள். "அண்ணா சொன்னால் சரி" என்று ஒருவர் சொல்வதை வைத்து அச்சுக்குப் போகாதீர்கள்.

பதிவுகளும் எண்களும்

தனி நபராகவோ பங்காளியாகவோ தொடங்கினால் வியாபாரப் பெயர்ப் பதிவு போதும். உங்கள் பிரதேச செயலகத்தில் படிவம் கிடைக்கும். கிராம அலுவலரின் உறுதிப்படுத்தலும் தேவைப்படும். அந்தப் பெயரில் தனி வங்கிக் கணக்குத் திறவுங்கள். வீட்டுச் செலவும் பதிப்பகச் செலவும் ஒரே கணக்கில் கலந்துவிட்டால், இலாபமா நட்டமா என்று உங்களுக்கே தெரியாமல் போகும்.

சர்வதேச தராதர நூல் எண்ணை, அதாவது ஐஎஸ்பிஎன் எண்ணை, கொழும்பில் உள்ள தேசிய நூலக ஆவணவாக்கல் சேவைகள் சபை வழங்குகிறது. இலங்கைக்குரிய குறியீடுகள் 955, 624. நூலின் தலைப்பு, ஆசிரியர், பக்க அளவு முடிவானதும் விண்ணப்பியுங்கள். அச்சகம் பிளேட் (அச்சுத் தகடு) எடுக்கிற அன்று ஓடக்கூடாது. கடின அட்டைப் பதிப்புக்கு ஓர் எண், மெல்லட்டைக்கு வேறு எண், மின்னூலுக்கு வேறு எண். மாற்றமில்லாத மறு அச்சுக்குப் பழைய எண்ணே போதும். நூலகங்கள் நூலை வகைப்படுத்த உதவும் நூற்பட்டியல் தரவையும் அங்கேயே பெற்று, பதிப்பு விவரங்கள் இருக்கும் உரிமைப் பக்கத்தில் அச்சிட்டால் நூலகர்களுக்கு வேலை சுலபமாகும்.

1885 ஆம் ஆண்டின் அச்சகத்தார், வெளியீட்டாளர் கட்டளைச் சட்டம் இன்றும் நடைமுறையில் இருக்கிறது. அச்சகத்தின் பெயரும் இடமும் நூலில் இருக்கவேண்டும். தேசிய சுவடிகள் திணைக்களத்துக்கு 5 பிரதிகள் போகவேண்டும். சட்டப்படி அது அச்சகத்தாரின் கடமை. ஆனாலும் அனுப்பினார்களா என்று நீங்கள் கேட்டு உறுதி செய்யுங்கள்.

ஆசிரியருடன் ஒரு பக்க உடன்படிக்கை

நண்பருக்கும் உடன்படிக்கை எழுதுங்கள். நண்பருக்குத்தான் கட்டாயம் எழுதவேண்டும். எத்தனை பிரதி, விலையில் எத்தனை வீதம் உரிமைத்தொகை (10 வீதம் பரவலான வழக்கம்), ஆசிரியருக்கு எத்தனை இலவசப் பிரதி, எத்தனை வருடத்துக்கு உரிமை, மின்னூலும் மொழிபெயர்ப்பும் யாருடைய கையில், ஆசிரியருக்குப் பிறகு யாருடன் பேசுவது. இவ்வளவையும் தெளிவான தமிழில் ஒரு பக்கத்தில் அடக்கலாம். விற்பனை ஓய்ந்தபின் நூலை எண்ணிம நூலகத்தில் வைக்க ஆசிரியர் சம்மதிக்கிறாரா என்பதையும் அதிலேயே கேட்டுவிடுங்கள்.

அச்சுச் செலவில் ஒரு பங்கை ஆசிரியர் தருகிறார் என்றால் அதையும் மறைக்காமல் எழுதுங்கள். இங்கே அப்படித்தான் பல நூல்கள் வருகின்றன. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. எவ்வளவு தந்தார், விற்பனையில் எப்படித் திரும்பக் கிடைக்கும் என்று சொல்லாமல் விட்டால்தான் பிற்காலத்தில் முகம் பார்க்க முடியாத நிலை வரும்.

திருத்தம்: காலத்தை இங்கே செலவழியுங்கள்

சிறு பதிப்பகத்திடம் பெரிய விளம்பரம் இல்லை, பெரிய விற்பனைக் குழு இல்லை. நல்ல திருத்தத்தை மட்டும் யாருக்கும் குறையாமல் தரமுடியும். ஒரு 200 பக்க நூலுக்குக் குறைந்தது மூன்று மாதம் ஒதுக்குங்கள்.

முதல் வாசிப்பு நூலின் உடலைப் பார்ப்பது. எந்த அத்தியாயம் திரும்பச் சொல்கிறது, எந்த ஆண்டு எந்த ஆண்டோடு முரண்படுகிறது, எந்த இடத்தில் வாசகர் தடுமாறுவார். ஊர் வரலாற்று நூல்களில் கோயில் கட்டிய ஆண்டு, பாடசாலை தொடங்கிய ஆண்டு, மனிதர்களின் உறவுமுறை ஆகிய மூன்றையும் கட்டாயம் வேறொரு மூலத்தோடு ஒப்பிடுங்கள். அச்சில் வந்தபின் அதை மேற்கோள் காட்டி இன்னொருவர் எழுதுவார். பிழை அப்படியே வேர்விடும்.

வாழ்த்துரைகள் பற்றி ஆசிரியருடன் முதலிலேயே பேசுங்கள். ஆசியுரை, வாழ்த்துரை, அணிந்துரை, நயப்புரை, பதிப்புரை, என்னுரை என்று முப்பது பக்கம் கடந்த பிறகுதான் நூல் தொடங்குகிற வழக்கம் இங்கே ஆழமாக ஊறியிருக்கிறது. நூலை முழுதாக வாசித்த ஒருவரின் முன்னுரை, ஆசிரியரின் என்னுரை, இவை போதும். மற்றவர்களின் வாழ்த்தை விழாவில் சொல்லச் சொல்லலாம். தாளுக்குக் காசு போகாது.

அடுத்து எழுத்துமுறை. உங்கள் பதிப்பகத்துக்கென ஒரு நடைத்தாள் வைத்திருங்கள். ஓகஸ்டா ஆகஸ்டா, ரூபாவா ரூபாயா, ஊர்ப் பெயர்களை எப்படி எழுதுவது, எண்களை எங்கே எழுத்தில் எழுதுவது. உரையாடலில் வருகிற யாழ்ப்பாணப் பேச்சை மட்டும் திருத்தக்கூடாது. "வாருங்கோ", "என்னண்டு" என்பவை இருக்கிற இடத்தில் இருக்கட்டும். தமிழ்நாட்டு வாசகருக்குப் புரியாது என்று அவற்றை மாற்றினால் நூலின் உயிர் போய்விடும்.

எழுத்துரு இங்கே தனிப் பிரச்சினை. எங்கள் தட்டச்சாளர்களில் பலர் இன்னும் பாமினி என்ற பழைய எழுத்துருவில்தான் அடிக்கிறார்கள். ஆசிரியர் கைபேசியில், எல்லாக் கருவிகளுக்கும் பொதுவான குறியீட்டு முறையான யூனிகோட்டில் எழுதுவார். அச்சகம் பாமினிக்கு மாற்றும். பிறகு யாரோ ஒருவர் மீண்டும் யூனிகோட்டுக்கு மாற்றுவார். இந்தப் போக்குவரத்தில் விழுகிற பிழைகள் எப்போதும் ஒரே மாதிரியானவை. பாமினியில் விசைப்பலகையின் காற்புள்ளி விசையில்தான் "இ" இருக்கிறது. எனவே "கொழும்பு, கண்டி, மாத்தளை" என்றிருந்தது "கொழும்புஇ கண்டிஇ மாத்தளை" என்று வந்துவிடும். "ஔவையார்" என்பது ஒகரமும் ளகரமுமாக உடைந்து "ஒளவையார்" ஆகும். கால் குறிக்குப் பதிலாக ரகரம் இருக்கும். கண்ணுக்கு இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றுபோலத் தெரியும், ஆனால் கணினியில் தேடினால் அந்தச் சொல் அகப்படாது. ஆங்கிலத்தில் இருந்த அடிக்குறிப்புகள் பொருளற்ற தமிழ் எழுத்துகளாக மாறிக் கிடக்கும். இந்த நான்கையும் தேடுகிற ஒரு பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு கோப்பைத் திறவுங்கள்.

இயன்றால் தொடக்கம் முதல் முடிவுவரை யூனிகோட்டிலேயே வேலை செய்யுங்கள். இன்டிசைன் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளில் வேர்ல்ட் ரெடி கொம்போசர் என்ற அமைப்பைத் தெரிவு செய்தால் கொம்பும் எழுத்தும் பிரியாமல் ஒழுங்காக அமையும். எழுத்து 11 புள்ளி என்றால் வரி இடைவெளி 15, 16 வரை விடுங்கள். தமிழில் மேலும் கீழும் குறிகள் உண்டு. நெருக்கினால் கண் களைத்துவிடும்.

புறூவ், அதாவது அச்சுக்கு முன் பிழை பார்க்கும் படி, மூன்று முறை பார்க்கவேண்டும். திரையில் ஒருமுறை, தாளில் இருமுறை. ஒன்றை ஆசிரியர் பார்க்கட்டும், இன்னொன்றை நூலை இதுவரை காணாத ஒருவர் பார்க்கட்டும். ஓய்வுபெற்ற தமிழாசிரியர்கள் இந்த வேலையில் கெட்டிக்காரர்கள். அவர்களுக்குச் சம்பளம் கொடுங்கள், உரிமைப் பக்கத்தில் பெயரையும் போடுங்கள்.

அச்சகத்தில் என்ன கேட்பது?

குறைந்தது மூன்று அச்சகங்களில் விலைக்கோரல் வாங்குங்கள். எல்லோரிடமும் ஒரே விவரத்தைக் கொடுத்தால்தான் ஒப்பிட முடியும்: அளவு, பக்கம், உள்தாளின் கனம் (70 அல்லது 80 ஜிஎஸ்எம், அதாவது ஒரு சதுர மீற்றர் தாளின் கிராம் எடை), வெள்ளையா பழுப்பு நிறமா, அட்டையின் கனம், பளபளப்பா மங்கலா, ஒட்டுக் கட்டா தையல் கட்டா, எத்தனை பிரதி, எப்போது கையில் கிடைக்கும். பக்க எண்ணிக்கையை 16 இன் மடங்காக அமைத்தால் தாள் வீணாகாது. 197 பக்கத்தில் முடிகிற நூலை 192 க்குச் சுருக்க வழி இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு வாழ்த்துரையை எடுத்தாலே போதும்.

நூலகங்களுக்குப் போகிற நூல் என்றால் தையல் கட்டு. கொஞ்சம் கூடுதலாகச் செலவாகும், ஆனால் பத்துப் பேர் எடுத்து வாசித்தபின்னும் பக்கம் கழராது.

எத்தனை பிரதி? புதிய பதிப்பகத்துக்கு 300 என்பது என் விடை. ஆயிரம் அடித்தால் ஒரு பிரதிக்கு விலை குறையும் என்று அச்சகத்தார் சொல்வது உண்மை. ஆனால் எஞ்சிய 700 பிரதிக்கு யார் வாடகை கொடுப்பது? நூறுக்குக் குறைவாக வேண்டுமானால் டிஜிற்றல் அச்சு. அதற்கு மேல் போகப்போக, தகடு வைத்து அடிக்கும் ஓப்செற் மலிவாகும். இரண்டுக்கும் விலை கேளுங்கள்.

கொழும்பில் மலிவாக இருக்கலாம், சென்னையில் இன்னும் மலிவாக இருக்கலாம். முதல் நூலை இங்கேயே அச்சிடுங்கள். முதல் பாரம் (ஒரே தாளில் சேர்ந்து அச்சாகும் பக்கங்கள்) ஓடும்போது இயந்திரத்தின் பக்கத்தில் நின்று பாருங்கள்: மை ஒரு பக்கத்தில் கறுத்தும் மறுபக்கத்தில் வெளுத்தும் இருக்கிறதா, படங்கள் இருண்டுவிட்டனவா, முன்பக்க வரியும் பின்பக்க வரியும் ஒரே நேர்கோட்டில் நிற்கின்றனவா. அங்கே நின்று கற்பதை வேறெங்கும் கற்க முடியாது.

2022 ஐ மறந்துவிடாதீர்கள். டொலர் இல்லாமல் தாள் இறக்குமதி தடைப்பட்டது. மேல் மாகாணத்தில் பாடசாலைப் பரீட்சைகளே தள்ளிப்போயின. விலைக்கோரல் எத்தனை நாளுக்குச் செல்லும் என்று எழுத்தில் வாங்கி, அந்த நாளுக்குள் தாளுக்கான முற்பணத்தைக் கொடுத்துவிடுங்கள். கார்த்திகை, மார்கழி மழையில் கட்டு வேலையை வைத்துக்கொள்ளாமல் இருப்பது நல்லது. ஈரத்தில் பசை காய நாளாகும், அட்டை வளையும். வீட்டுக்கு வந்த பெட்டிகளைத் தரையில் வைக்காதீர்கள். பலகை அடுக்கி, சுவரிலிருந்து தள்ளி வையுங்கள். கறையானுக்கு ஒரு மாரி போதும்.

விலை போடும் கணக்கு

கணக்குக்காக எண்களை வைத்துப் பார்ப்போம். தட்டச்சு, திருத்தம், அட்டை, அச்சு எல்லாம் சேர்த்து 300 பிரதிக்கு 1,80,000 ரூபா. ஒரு பிரதி 600 ரூபா என்று தோன்றும். ஆனால் சட்டப்படியானவை, ஆசிரியருக்கு, மதிப்புரைக்கு, நூலகங்களுக்கு என்று 40 பிரதி இலவசமாகப் போய்விடும். விற்பனைக்கு 260 தான். ஆக, ஒரு பிரதியின் உண்மையான அடக்கம் ஏறத்தாழ 692 ரூபா.

விலையை 1,000 என்று போட்டால் கடைக்காரருக்கு 35 வீதம் 350, ஆசிரியருக்கு 100, உங்கள் கையில் 550. ஒவ்வொரு பிரதியிலும் நட்டம். 1,400 என்றால் கடைக்கு 490, ஆசிரியருக்கு 140, உங்களுக்கு 770. பிரதிக்கு 78 ரூபா மிஞ்சும். நேரடியாக விற்கிற பிரதியில் கடைக் கழிவும் உங்களுக்கே வரும். "இவ்வளவு விலையா?" என்று கேட்பார்கள். இந்தக் கணக்கை அவர்களுக்கும் சொல்லுங்கள், புரிந்துகொள்வார்கள்.

வெளியீட்டு விழா

யாழ்ப்பாணத்து நூல் பொருளாதாரம் விழாவில்தான் தங்கியிருக்கிறது. வருபவர்கள் உறையில் பணம் வைத்துக் கொடுத்துப் பிரதி வாங்குவார்கள். முதற்பிரதி, சிறப்புப் பிரதி பெறுபவர்கள் விலைக்கு மேலேயே தருவார்கள். நல்ல வழக்கம்தான், காப்பாற்றவேண்டியதும்கூட. உறைகளைத் திறப்பவர் ஆசிரியரின் உறவினர் ஒருவரும் பதிப்பகத்தவர் ஒருவருமாக இருவராக இருக்கட்டும். பெயர், தொகை இரண்டையும் அன்றே எழுதி இருவரும் கையொப்பமிடவேண்டும். உடன்படிக்கையில் இந்தப் பணம் யாருக்கு என்பதும் இருக்கவேண்டும்.

பொதுநூலகக் கேட்போர்கூடம், நல்லூர் நாவலர் மண்டபம், அல்லது நூல் எந்த ஊரைப் பற்றியதோ அந்த ஊர்ச் சனசமூக நிலையம். கடைசியாகச் சொன்னது என் விருப்பம். பருத்தித்துறையைப் பற்றிய நூலைப் பருத்தித்துறையில் வெளியிட்டால் நகரத்தில் வராத ஐம்பது பேர் வருவார்கள். நல்லூர்த் திருவிழாவின் 25 நாளையும் உயர்தரப் பரீட்சைக் காலத்தையும் தவிருங்கள். நூலை வாசித்த இருவர் மட்டும் பேசட்டும். ஒன்றரை மணித்தியாலத்தில் முடித்துவிட்டால் மக்கள் விற்பனை மேசைக்கு வர நேரம் இருக்கும்.

விழாவுக்கு மறுநாள்

பெரும்பாலான நூல்களுக்கு இங்கேதான் பயணம் முடிகிறது. உங்கள் வேலை இங்கேதான் தொடங்குகிறது.

கடைகள் விற்றபின் காசு என்ற முறையில்தான் எடுப்பார்கள். 30 முதல் 40 வீதம் வரை கழிவு கேட்பது வழக்கம். ஒரு கடைக்கு ஐந்து பிரதிக்கு மேல் கொடுக்காதீர்கள். கொடுத்ததற்கு இரட்டைப் பற்றுச்சீட்டு, மூன்று மாதத்துக்கு ஒருமுறை நேரில் போய்க் கணக்குப் பார்த்தல். முகம் சுளிக்காமல், விடாமல் போகவேண்டும். போகிற பதிப்பாளரின் நூல்தான் முன் தட்டில் இருக்கும்.

மாநகர, நகர, பிரதேச சபை நூலகங்கள் தங்கள் வருடாந்த ஒதுக்கீட்டில் நூல் வாங்குகின்றன. ஒக்ரோபர் தேசிய வாசிப்பு மாதம். அதற்கு முன் செப்ரெம்பரிலேயே உங்கள் நூற்பட்டியலை விலையோடு ஒவ்வொரு நூலகருக்கும் கொண்டுபோய்க் கொடுங்கள். வடமராட்சி, தென்மராட்சி, தீவகம் என்று பஸ்ஸில் போய் வரலாம். பாடசாலை நூலகங்களுக்கும் அதே பட்டியல். தேசிய நூலகம் நடத்துகிற நூல் வெளியீட்டு உதவித் திட்டத்துக்கும் விண்ணப்பியுங்கள்.

சனவரியில் முற்றவெளியில் நடக்கிற சர்வதேச வர்த்தகச் சந்தையில் தனிக் கூடம் எடுக்க முடியாவிட்டால் நான்கு சிறு பதிப்பாளர்கள் சேர்ந்து ஒன்றை எடுங்கள். கொழும்பில் செப்ரெம்பரில் நடக்கும் சர்வதேசப் புத்தகக் கண்காட்சிக்கும் இதே வழி. சென்னைப் புத்தகக் காட்சிக்குப் பெட்டி அனுப்புவதைவிட, அங்குள்ள பதிப்பகத்துக்கு இந்தியப் பதிப்பு உரிமையைக் கொடுப்பது நடைமுறைக்கு ஏற்றது.

புலம்பெயர்ந்த வாசகர்கள் வாங்க ஆயத்தமாக இருக்கிறார்கள். தபால் செலவுதான் தடை. ஏ5 அளவில் 70 ஜிஎஸ்எம் தாளில் 200 பக்க நூல் ஏறத்தாழ 235 கிராம். நூலின் விலையையே தபால் தாண்டிவிடும். ஓகஸ்டில் ஊருக்கு வந்து திரும்புகிறவர்களின் பொதியில் நான்கு பிரதி கொடுத்துவிட்டு, ரொறன்ரோவிலோ இலண்டனிலோ ஒருவரை விநியோகத்துக்கு ஒழுங்கு செய்யுங்கள். மின்னூலையும் சேர்த்து விற்கலாம்.

இடைக்கால வருமானத்துக்கு வேறொரு வழியும் உண்டு. அந்தியேட்டிக்கு அச்சிடப்படும் நினைவு மலர்கள், கும்பாபிஷேக மலர்கள், பாடசாலை நூற்றாண்டு மலர்கள். இவற்றைத் திருத்தி வடிவமைத்துக் கொடுக்கிற வேலை உங்களுக்கு நன்றாகவே வரும். குடும்ப வரலாறும் பழைய படங்களும் அவற்றில்தான் பதிவாகின்றன. ஆகவே அவற்றையும் நூலைத் திருத்துகிற அதே கவனத்தோடு செய்யுங்கள்.

கணக்கும் காப்பும்

வருடத்துக்கு ஒருமுறை, சித்திரைக்கு முன், ஒவ்வொரு ஆசிரியருக்கும் ஒரு கடிதம்: எத்தனை விற்றது, எத்தனை இருக்கிறது, உங்களுக்குரிய தொகை இவ்வளவு. தொகை நூறு ரூபாவாக இருந்தாலும் அனுப்புங்கள். ஒன்றும் விற்காத வருடத்திலும் அனுப்புங்கள்.

1981 யூனில் யாழ். பொதுநூலகம் எரிந்தபோது 97 ஆயிரம் வரையான நூல்களும் சுவடிகளும் சாம்பலாயின. வேறெங்கும் பிரதி இல்லாதவை அவற்றோடு போயின. எனவே இலவசப் பிரதிகளை ஒதுக்கும்போது ஒரே ஊருக்குள் வைக்காதீர்கள். யாழ். பொதுநூலகம், பல்கலைக்கழக நூலகம், கொழும்பு, பேராதனை, கிழக்கு மாகாணத்தில் ஒன்று, கடல் கடந்து ஒன்று. 2005 முதல் இயங்கும் "நூலகம்" என்ற பெயருடைய எண்ணிம நூலகத்துக்கு, ஆசிரியரின் சம்மதத்தோடு ஒரு பிரதி. அச்சுக்குப் போன பிடிஎப், திருத்தக்கூடிய மூலக்கோப்பு, அட்டைக் கோப்பு, எழுத்துருக்கள் நான்கையும் மூன்று வேறு இடங்களில் சேமியுங்கள். அச்சகக் கணினியில் இருக்கிறது என்று விட்டுவிட்டால் அடுத்த முறை முழுவதையும் மீண்டும் தட்டச்சு செய்யவேண்டி வரும்.

ஒவ்வொரு நூலிலும் ஒரு பிரதியை எடுத்து அட்டையில் "திருத்தப் பிரதி" என்று எழுதி மேசையில் வையுங்கள். வாசகர் சொல்கிற பிழை, நீங்கள் காண்கிற பிழை, ஆசிரியர் சேர்க்க விரும்பும் தகவல் எல்லாவற்றையும் பேனாவால் அதிலேயே குறியுங்கள். கையிருப்பு நாற்பதுக்கு இறங்கியதும் மறு அச்சா என்று முடிவெடுங்கள். இருபதுக்கு வந்தபின் யோசித்தால் இடையில் சில மாதம் நூல் கிடைக்காமல் போகும். சில எழுத்துப் பிழைகள் மட்டும் என்றால் பழைய எண்ணோடு "மறு அச்சு" என்று போட்டு நூறு பிரதி அடியுங்கள். புதிய அத்தியாயமோ பெரிய மாற்றமோ இருந்தால் புது ஐஎஸ்பிஎன் வாங்கி, உரிமைப் பக்கத்தில் முதற்பதிப்பின் ஆண்டுக்குக் கீழே "திருத்திய இரண்டாம் பதிப்பு" என்று ஆண்டோடு அச்சிடுங்கள்.